எலிக்கு வக்காலத்தா? ஆமாங்க, எலிக்குத்தான்!



நிலக்கடலை விதைச்ச மறுநாளே தோண்டித் தின்னுட்டுப் போற எலிக்கு விவசாயிகள் சங்கம் வக்காலத்து வாங்குதா என்று கமிட்டியில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. நானும் வருஷா வருஷம் கிட்டி வைக்கிறவன்தான். ஆனால் நாம் பேசுவது வரப்பெலியைப் பற்றியோ பெருச்சாளியைப் பற்றியோ அல்ல.

இது கரட்டு எலி. பாறையும் முள்ளுப் புதரும் இருக்கிற காய்ந்த கரட்டில், ராத்திரியில் மட்டும் வெளியே வருவது. பெயர் எல்விரா எலி. சேலம் மாவட்டம் குரும்பப்பட்டியில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் பிடித்த எலியை வைத்து 1940களில் எல்லர்மேன் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்தார். நம்ம சேலத்துப் பக்கத்துக் கரடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இருப்பதாகத் தெரியவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் புலிகூட இதற்கு ஒரு படி மேலேதான்!

புலிக்குக் காப்பகம் உண்டு, கோடி கோடியாய்ப் பணம் உண்டு. எலிக்கு? 1972 வனவிலங்குச் சட்டம் எலி என்றாலே காக்காயோடு சேர்த்து, கொல்லத்தக்க பட்டியலில் எழுதியது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. ஐம்பது வருஷம்!

சரி, நமக்கென்ன என்கிறீர்களா? கரட்டில் விழுகிற மழைதான் ஓடையாகி ஏரிக்கு வருகிறது, ஏரி நிறைந்தால்தான் கிணற்றில் ஊற்று. வரப்பெலியைப் பிடிக்கிற கூகையும் சாரையும் தங்குவது அந்தப் பாறைப் பொந்திலும்தான். அந்தக் கரட்டை "ஒன்றுக்கும் உதவாத தரிசு" என்று எழுதிக் கல்குவாரிக்குக் கொடுக்கிறார்கள். அரிய உயிரினம் ஏதும் இல்லை என்று மனுவில் ஒரு வரி. எழுதினவர் ஒரு ராத்திரியாவது டார்ச் அடித்துப் பார்த்தாரா? எங்கள் ஊர்க் கரட்டுக்கு வந்தவர்கள் ஜீப்பை விட்டே இறங்கவில்லை.

நம்ம மேலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். விறகுக்கு வெட்டினோம். ஆனால் தலைச்சுமை விறகும் வெடி வைத்துத் தகர்ப்பதும் ஒன்றா? வெட்டின புதர் தழையும். தகர்த்த பாறை முளைக்குமா? நாளைக்கு எலியைக் காட்டி, ஆடு மேய்க்கிறவனை விரட்டிவிட்டுக் குவாரி லாரிக்கு வழி விட்டால் அதைச் சங்கம் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளாது.

கேட்பது இதுதான். ஆடு மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு ராத்திரிக் கணக்கெடுப்பு நடத்து! அது முடியும்வரை கரட்டில் புதுக் குவாரிக்கு அனுமதி கொடுக்காதே! நாமும் கரட்டடிக் காட்டில் எலி மருந்து வைப்பதை நிறுத்துவோம், கிட்டி போதும்.

மாதாந்திரக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாங்க. உங்க ஊர்க் கரட்டின் சர்வே நம்பரை மனுவில் எழுதிக் கொண்டு வாங்க.