டாக்டர் படிப்பும் தாய்ப்பாலும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளை பிறந்தவுடன் அதன் நாக்கில் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ யார் தொட்டு வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம்! அப்படியானால் ஒரு ஜட்ஜைக் கூட்டி வந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஜட்ஜாகிவிட வேண்டியதுதானே? இது போதாதென்று, மஞ்சளாய்ச் சுரக்கும் சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பாட்டிமார்களும் இருக்கிறார்கள். நோயைத் தடுக்கும் சத்து அந்தச் சில சொட்டுகளில்தான் மிகுதி என்கிறது வைத்திய சாஸ்திரம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்றும் சொல்லுகிறது.

பாட்டியை மூடநம்பிக்கைக்காரி என்கிறோம். சரி, டாக்டரை என்னவென்பது? "பால் போதவில்லை" என்று ஒரு தாய் சொன்னவுடன், பிள்ளை மார்பைப் பிடிக்கும் விதத்தைப் பாராமல், நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறதென்று கேளாமல், எடையும் போடாமல் டப்பாப் பால் எழுதிக் கொடுப்பவருக்கும், விபூதி கொடுத்தனுப்பும் பூசாரிக்கும் என்ன வித்தியாசம்? விபூதியாவது தாயின் பாலை வற்றச் செய்யாது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் சப்பாது. சப்பாத மார்பில் பால் குறையும். அப்புறம் "பால் இல்லை" என்பது மெய்யாகவே ஆகிவிடுகிறது. சில நோய்களுக்கும் சில மருந்துகளுக்கும் டப்பாப் பால் வேண்டியிருக்கலாம். அதைப் பிரித்தறிவதற்குத்தானே படிப்பு!

2019ல் நடைமுறைக்கு வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் பாடத்திட்டத்தில், பால் கொடுக்கும் முறை சரியா தப்பா என்று மாணாக்கர் நேரில் பார்த்தறியவும், காம்பு வெடிப்பு, பால்கட்டு முதலியவற்றைக் கண்டுபிடிக்கவும், தாய்க்கு எடுத்துச் சொல்லவும் பழக வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கிறது. மெத்தச் சந்தோஷம். ஆனால் நமது நாட்டில் எழுத்தில் இல்லாதது எது? சீம்பாலின் சத்துக்களைப் பரீட்சையில் ஒப்புவித்துப் பாசாவது, அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்புவிப்பது போன்றதே. பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மாத்திரமல்லாமல் அதைச் சுற்றிய கருமையையும் கவ்வி, மோவாய் மார்பில் படும்படி குடிக்கிறதா என்பது வார்டில்தான் தெரியும். நர்சு அம்மாளுக்குத் தெரிந்த இதை டாக்டர் கற்றுக்கொள்ளுவதில் என்ன அவமானம்?

பால் கொடுப்பது பெண்ணின் தர்மம் என்று பாடி அவளை வீட்டில் கட்டிப்போடவும் நாம் வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் இருட்டிலேயே ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாய் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். "ஆறு மாதம் தாய்ப்பாலே கொடம்மா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு டாக்டர் காரில் ஏறிப் போய்விட்டால், கூலிக்கு யார் போவது? பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான ஏனத்தில் மூடி வைப்பதையும், வீட்டிலிருப்பவர் அதைச் சங்கில் புகட்டுவதையும், இராத்திரி மார்பிலேயே கொடுப்பதையும் அந்தத் தாய்க்கும் அவள் மாமியாருக்கும் செய்து காட்டத் தெரிய வேண்டும். தோட்டத்தில் பால் கட்டி மார்பு கடுத்தால் மறைவாய்ப் பீய்ச்ச இடம் உண்டா என்று முதலாளியைக் கேட்கிற தைரியமும் அந்தப் படிப்பில் சேர்ந்ததே.

டப்பாப் பால் கம்பெனிகள் வைத்தியர்களுக்குப் பரிசு கொடுப்பதையும், அவர்கள் மாநாட்டுக்குப் பணம் கொடுப்பதையும் 1992ம் வருஷத்துச் சட்டமும் 2003ம் வருஷத்துத் திருத்தமும் தடுக்கின்றன. இதை எத்தனை மாணாக்கருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி உள்பட எல்லாக் கல்லூரிகளையும் நாம் கேட்பது ஒன்றே: தாயின் சம்மதத்தோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பிள்ளைகளையாவது சரியாகப் பால் குடிக்க வைத்துக் காட்டாத எவரையும் பாஸ் செய்யாதீர்கள்.