என் மாமா அப்ஸ்காண்டிங்!

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் பைக் லோனுக்கு அப்ளிகேஷன் போட்டேன். ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய மாமா, அந்த வாரம் பார்த்துக் குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பிவிட்டார். "ஷூரிட்டி ஏன் வரலைன்னு எழுதிக் கொடுங்க" என்றார் பாங்க் மேனேஜர்.

கொடுத்தேன். இங்கிலீஷில்! தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்த திமிர். 'என் மாமா நான்கு நாட்களாக அப்ஸ்காண்டிங். வந்தவுடன் கையெழுத்துப் போடுவார்' என்பதுதான் சாராம்சம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "ஏன் தம்பி, போலீஸ்ல சொல்லியாச்சா?"

அப்ஸ்காண்டிங் என்றால் தலைமறைவு என்று அன்றைக்கு ராத்திரி டிக்ஷனரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை? பேப்பரில் அந்த வார்த்தையைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்திருந்தேன். தேடிப் போகிறார்கள், ஆள் வீட்டில் இல்லை. ஆக, 'ஊரில் இல்லை' என்று நானே அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். அத்தனை தடவையும் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கவனிக்கவில்லை. நகைக்கடையில் ஓட்டை போட்டவன் நின்றான். சீட்டுப் பணத்தைச் சுருட்டியவன் நின்றான். ஒரு தடவையாவது மொட்டை போடப் போன மாமா நின்றாரா?

சொல்லப்போனால், தமிழில் நாம் யாரும் இந்தத் தப்பைச் செய்வதில்லை. தலைவர் 'காலமானார்', லாரி மோதியவர் 'பலி', எல்லையில் ராணுவ வீரர் 'வீர மரணம்'. மூன்றும் ஒன்றுதானே என்று 'எங்கள் தாத்தா நேற்று பலி' என்று சொல்லிப் பாருங்கள், துக்கத்துக்கு வந்தவர்களே அடிப்பார்கள். இதை நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. டீக்கடையில் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துப் படித்தே, எந்த வார்த்தை யாரோடு சேரும் என்று பழகிவிட்டது. இங்கிலீஷ் பேப்பரும் அதே உபகாரத்தைச் செய்யத் தயார். நாம்தான் 'தினம் பத்து வார்த்தை' என்று நோட்டுப் போட்டு அதைக் கெடுத்துக்கொள்கிறோம்.

அந்த நோட்டு உங்களிடமும் இருக்கும். அபேண்டன், அபேட், அப்ஹார் என்று முத்துமுத்தான கையெழுத்தில் ஆரம்பிக்கும். 'சி' எழுத்தைத் தாண்டிய நோட்டை நான் இதுவரை கண்டதில்லை. பின்பக்கத்தில் பால் கணக்கு.

இன்னொரு ரகம், அபூர்வ வார்த்தைக்கு அலைகிறவர்கள். 2017-ல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தையை எடுத்துவிட்டார். நாடே டிக்ஷனரியைப் புரட்டியது. கன்னாபின்னாவென்ற கலவை என்று அர்த்தம். லத்தீன் மூலத்தைத் தேடினால் மாட்டுத் தீவனக் கலவை! என் நண்பர் ஒருவர் ஒரு வாரம் அதை உருப்போட்டார். இன்றுவரை உபயோகிக்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. ஆபீஸ் காண்டீன் கூட்டைப் பார்த்துச் சொல்லலாம், ஆனால் மாஸ்டருக்குப் புரியாது.

நம் காலை வாரிவிடுவது அந்த மாதிரி வார்த்தைகள் இல்லை. ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற வார்த்தைகள்தான். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ரஷ்யா மீது 'சாங்க்ஷன்ஸ்' விதித்தன. பேப்பர் முழுக்க அதே பேச்சு. எங்கள் செக்ஷன் சீனியர் தலைப்பைப் பார்த்துவிட்டு ஏக்கத்தோடு கேட்டார்: "ரஷ்யாவுக்கு எவ்வளவு சார் சாங்க்ஷன் ஆச்சு?"

சிரிக்காதீர்கள். பி.எஃப். லோன், வீட்டு லோன், லீவு என்று சர்வீஸ் முழுக்க அவருக்கு சாங்க்ஷன் என்றால் 'கிடைத்துவிட்டது'தான். அதே வார்த்தை ஒரு நாட்டின் மேல் விழும்போது தண்டனை. லோனோடு வந்தால் வரம், தேசத்தோடு வந்தால் சாபம். பக்கத்தில் ஒரு சின்ன 'ஆன்' இருக்கிறதே, 'சாங்க்ஷன்ஸ் ஆன் ரஷ்யா' என்று, அதுதான் துப்பு. டிக்ஷனரியில் இரண்டு அர்த்தமும் அடுத்தடுத்த வரியில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். எது எப்போது என்பதைச் சொல்லித் தருவது பேப்பர்தான்.

அடியேன் பி.காம். பற்றும் வரவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் வணிகப் பக்கத்தில் 'பாங்குகளுக்கு ஹேர்கட்' என்று பார்த்தபோது முழித்தேன். 2016-ல் திவால் சட்டம் வந்த பிறகு இந்த ஹேர்கட் அடிக்கடி கண்ணில் பட்டது. நூறு ரூபாய் கடனுக்கு முப்பதுதான் தேறும் என்றால், போன எழுபதுதான் ஹேர்கட். யோசித்தால் நம்மிடமே இருக்கிறது: பாங்குக்கு மொட்டை போட்டான்! இப்படி ஒரு வார்த்தைக்கு நம்மூர்ப் பங்காளி கிடைத்துவிட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் மறக்காது.

'அலெஜ்ட்லி'யும் அப்படித்தான். நம் பேப்பரின் 'கூறப்படுகிறது'. கோர்ட் தீர்ப்புச் சொல்லும்வரை யாரையும் குற்றவாளி என்று எழுதிவிடக் கூடாது, மானநஷ்ட வழக்கு வரும். அதனால் ரிப்போர்ட்டர் கையில் பிடித்துக்கொள்கிற குடை அது. இது தெரியாமல் நண்பர் ஒருவர், ஸ்டைலாக இருக்கிறதே என்று லீவு லெட்டரில் 'என் பாட்டி அலெஜ்ட்லி இறந்துவிட்டார்' என்று எழுதினார். அந்த லெட்டரில் உண்மையான ஒரே வார்த்தை அதுதான்.

இப்போது நான் செய்வது சுலபம். முதலில் தமிழ்ப் பேப்பர். அதில் படித்த அதே செய்தியை இங்கிலீஷில் தேடிப் படிக்கிறேன். கதை தெரிந்துவிட்டதால் வார்த்தை முரண்டு பிடிப்பதில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1878-ல் 'தி ஹிண்டு'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882-ல் தமிழில் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார். இரண்டு மேஜையும் அவருக்கு வேண்டியிருந்தது, நமக்கு வேண்டாமா?

புது வார்த்தை ஒன்று மூன்றாம் தடவை எதிர்ப்பட்டால்தான் டிக்ஷனரியைத் தொடுகிறேன். ஒரே தடவை வந்து போகிற விருந்தாளிக்கு நோட்டில் இடமில்லை. அர்த்தத்தை மட்டும் குறிப்பதில்லை, அது வந்த வரியை முழுசாக எழுதுகிறேன். எண்ணிக்கை பற்றியும் கவலையில்லை. 1959-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்காக 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. சுமார் 1,500 வார்த்தைகளை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகவே உலகச் செய்தி முழுவதையும் சொன்னார்கள். நமக்கு அவசரமே இல்லை.

லோன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஐந்தாம் நாள் மாமாவை பாங்குக்கு அழைத்துப் போனேன். பளபளவென்று மொட்டை, நெற்றியில் நாமம், கையில் லட்டு. மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ... அப்ஸ்காண்டிங் ஆனது சார்தானா?" என்றார். மாமாவுக்கு ஏக சந்தோஷம். "ஆமாம் சார், வருஷா வருஷம் போவோம்" என்று லட்டை நீட்டினார்.

லோன் சாங்க்ஷன் ஆனது. மாமா இதுவரை அர்த்தம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.