"காடி புரானி ஹை"யாம்!

டேராடூன்ல கொஞ்சம் வயசான வண்டி வச்சிருக்கிற நம்மூர் ஆளுங்க இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. "ஆவாஜ் தோ ஆயேகீ சாப், காடி புரானி ஹை." பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யுமாம். சொல்லிட்டு கையத் தொடச்சுக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவாங்க.

வயசானா முட்டி வலிக்கும், சரி. எந்த முட்டின்னுகூடப் பார்க்காம டாக்டர் வீட்டுக்கு அனுப்பினா சும்மா விடுவோமா? வண்டி விஷயத்துல மட்டும் தலையாட்டிட்டு வந்துடறோம். அதுவும் குழந்தைகளைப் பின்னாடி உட்கார வச்சு மசூரி மலையில இருந்து இறங்குற வண்டியில!

நம்ம வண்டி 2008 மாடல் டபுள் கேபின் பிக்கப், நாலு சக்கர இயக்கம். மணிக்கு 45 கிலோமீட்டர் தாண்டினா ஒரு ரீங்காரம். 60-ல தம்பூரா சுருதி மாதிரி காதுலயே நிக்கும். ஒரு பட்டறையில பின்பக்க டிஃபரன்ஷியலை முழுசா மாத்தணும்னு ரூ. 68,000-க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தாங்க. வண்டியை ஓட்டிப் பார்த்தாங்களான்னா, இல்ல. நின்ன இடத்துலயே எஞ்சினை உறுமவிட்டுக் கேட்டாங்க, அவ்வளவுதான். ஓடும்போது மட்டும் வர்ற சத்தத்தை நிக்கிற வண்டியில தேடுறது எந்த ஊர் வைத்தியம்?

காரணம் கேட்டா இன்னும் அழகு. "நீங்க டூ ஹைல ஓட்டறீங்க, முன் ஆக்ஸில் வேலையே செய்யாது, அதனால சத்தம் பின்னாடிதான்." இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். டூ ஹைல முன்பக்கத்துக்கு எஞ்சின் சக்தி போகாது, வாஸ்தவம். ஆனா சக்கரம் உருளுதுல்ல? சக்கரம் உருண்டா அதோட பேரிங்கும் உருளும். ஹப்பைக் கழட்டிவிடுற வசதி இல்லாத வண்டின்னா முன் ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே சும்மா சுத்திக்கிட்டே வரும். நாலு சக்கர வண்டியைப் பிரிச்சு மேயற பட்டறைக்கு இது தெரியாதுன்னா நம்புறது கஷ்டம். தெரிஞ்சும் சொல்லலைன்னா அதுக்கு வேற பேர் இருக்கு.

சரி, ரீங்காரத்தை எப்படித்தான் பிடிக்கிறது? பைசா செலவு கிடையாது. காலி ரோடும் காதும் போதும். மனைவியோ பையனோ கூட வந்தா இன்னும் நல்லது, ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும். பாட்டை நிறுத்திடுங்க. (சத்தம் வந்தா பாட்டோட வால்யூமை ஏத்துற கோஷ்டி நம்மள்ல பாதிப் பேர் :-))

60-ல போகும்போது நியூட்ரலுக்கு வாங்க. நேரான சமதள ரோட்டுல மட்டும், இறக்கத்துல வேண்டாம். சாவியை மட்டும் தொடாதீங்க, எஞ்சின் நின்னா பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் போயிடும். எஞ்சின் வேகம் இறங்கியும் ரீங்காரம் அப்படியே இருந்தா எஞ்சினையும் கிளட்சையும் சந்தேகப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். அப்புறம் அதே 60-ஐ நாலாவது கியர்லயும் அஞ்சாவதுலயும் ஓட்டிப் பாருங்க. சுருதி மாறலைன்னா விஷயம் கியர்பாக்ஸைத் தாண்டி, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஏதோ ஒண்ணுல இருக்கு.

ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒரு மாதிரி, காலை எடுத்தா வேற மாதிரி ஊளையிட்டா அது டிஃபரன்ஷியலோட கிரவுனும் பினியனும் பேசுற பேச்சு. பல்லோட ஒரு முகம் இழுக்கும்போதும், மறு முகம் வண்டி தானா ஓடும்போதும் பாரம் தாங்குது, அதனாலதான் அந்த வித்தியாசம். நம்ம வண்டியில காலை எடுத்தாலும் வச்சாலும் ஒரே சுருதி. ரூ. 68,000 எஸ்டிமேட் அந்த இடத்துலயே செத்துப்போச்சு.

டயரை மறந்துடாதீங்க. பெரிய பெரிய கட்டை வச்ச மட் டயர் புதுசுலயே பாடும். ஒரு பக்கமா அலை அலையாத் தேஞ்ச டயர் அசல் பேரிங் மாதிரியே மிமிக்ரி பண்ணும். தார் ரோட்டுல இருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது குரல் மாறினா டயர்தான். சந்தேகம் தீரலைன்னா முன்பக்க டயரைப் பின்னாடி போட்டுப் பாருங்க, சத்தமும் கூடவே இடம் மாறும்.

கடைசியா வளைவு. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல சாயும். அப்போ ரீங்காரம் கூடினா இடப்பக்க பேரிங் மேல கை வைக்கலாம். நம்ம வண்டியில அதேதான் நடந்தது. வேற ஒரு சின்னக் கடையில முன்பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில ஸ்டாண்டு கொடுத்து, இடது சக்கரத்தைக் கையால சுத்தச் சொன்னேன். ஸ்பிரிங் மேல விரலை வச்சா கரகரன்னு கைக்கே தெரிஞ்சது. கழட்டினா பேரிங் ரோலர்ல அம்மைத் தழும்பு மாதிரி குழி, கிரீஸ் கறுத்துப் போயிருந்தது. பேரிங், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 2,600.

பணத்துக்காக மட்டும் கத்தலை. அந்த டிஃபரன்ஷியலை மாத்தியிருந்தா சத்தம் போயிருக்காது, "காடி புரானி ஹை"ன்னு மறுபடி அனுப்பியிருப்பாங்க. நாமளும் பழகியிருப்போம். அந்த பேரிங் ஒரு நாள் சூடேறி இறுகியிருக்கும், இல்லைன்னா சக்கரத்தையே ஆட விட்டிருக்கும். சக்ராத்தா ரோட்டுல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

பட்டறைக்காரங்களை மட்டும் திட்டினா அது அரை நியாயம். பார்ட்ஸுக்கு ஆயிரமாயிரமாக் கொடுக்கிற நாம, "அரை மணி நேரம் ஓட்டிக் கேட்டேன், ரூ. 300 கொடுங்க"ன்னா முகத்தைச் சுளிக்கிறோம். காதுக்குக் கூலி கிடையாதுன்னா அவங்க பார்ட்ஸைத்தான் விப்பாங்க. அந்தச் சின்னக் கடைக்காரர் ஓட்டிப் பார்த்ததுக்குத் தனியாக் கேட்கலை, நானே கொடுத்தேன். வாங்கவே கூச்சப்பட்டார்.

இன்னொண்ணு, நம்ம ஹிந்தி. "ஆவாஜ் ஆத்தா ஹை"ன்னு ஆண்பாலா பெண்பாலான்னு குழம்பி நிக்கிறதுலயே நேரம் போயிடுது. இலக்கணம் கெடக்கட்டும். எத்தனை வேகத்துல ஆரம்பிக்குது, எந்தப் பக்கம் வளைச்சா கூடுது, நியூட்ரல்ல நிக்குதா, இந்த மூணையும் துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுங்க. அதைப் படிச்சுட்டும் வண்டியில ஏறி உட்காராத ஆள்கிட்ட சாவியைக் கொடுக்காதீங்க.

ஆத்துத் தண்ணியில இறக்குற வழக்கம் இருந்தா டிஃபரன்ஷியல் ஆயிலையும் திறந்து பாருங்க. பால் காபி நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்கு, உடனே மாத்தணும். பேரிங் மாத்தினவங்க உள்வளையம், வெளிவளையம் ரெண்டையும் புதுசாப் போடச் சொல்லுங்க. புது ரோலரைப் பழைய வளையத்துல ஓட விடுற கில்லாடிகள் இருக்காங்க. முதல் 50 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ரெண்டு பக்க ஹப் கிட்டயும் கையைக் கொண்டுபோங்க. புதுசு போட்ட பக்கம் மட்டும் தகிச்சா நட்டை ரொம்ப இறுக்கிட்டாங்கன்னு அர்த்தம், அன்னிக்கே திரும்பிப் போங்க.