மழைநாள் ட்ரிப்

ஐப்பசி பிறந்தால் நம் எலக்ட்ரீஷியன்களின் கைப்பேசிக்கு ஓய்வில்லை. அண்மைக் காலமாக அந்த அழைப்புகளில் ஒன்று புதிது: "அண்ணே, வண்டியை சார்ஜ்ல போட்டா வீடே ட்ரிப் ஆகுது." போய்ப் பார்த்தால் வெளியே தூறல், வீட்டுக்காரருக்கு அவசரம். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரே ஒரு லைன் இழுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறோம் என்று இங்கே கேட்கப்போவதில்லை.

வாடிக்கையாளர் பயப்படுவது நனைகிற சார்ஜிங் கன்னைப் பார்த்து. காரைப் பொறுத்தவரை அது அவ்வளவு பயப்பட வேண்டிய இடமல்ல. டைப் 2 கன்னை மாட்டியவுடன் அதில் மின்சாரம் வந்துவிடாது. பைலட் கம்பியில் 12 வோல்ட் சிக்னல் போய், வண்டி பதில் சொன்ன பிறகே கான்டாக்டர் மூடும். அந்த சிக்னல் திரும்புவதே எர்த் கம்பி வழியாகத்தான். அது அறுந்தால் சார்ஜ் நின்றுவிடும். ஆனால் சுவருக்கு அப்பால் எர்த் பிட் காய்ந்து கிடப்பதை பைலட் பார்க்காது. பல ஸ்கூட்டர்களின் வீட்டு சார்ஜருக்கு இந்தப் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. அங்கே எல்லாமே 16 ஆம்பியர் பிளக்கை நம்பித்தான்.

எர்த் இல்லாவிட்டால் இயங்க மறுக்கும் போர்ட்டபிள் சார்ஜர்களும் உண்டு. அவற்றை ஏமாற்ற பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஜம்பர் போடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. விளக்கு பச்சையாகிவிடும். ஒருநாள் வழியில் நியூட்ரல் விட்டுப்போனால் வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட். தொடுகிறவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பார்.

ஆர்சிசிபி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டியதுமே விழலாம். ஃபிரிட்ஜ், கீசர், மோட்டார் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியும் வீட்டில், அதே ஆர்சிசிபியில் வண்டியையும் ஏற்றினால் மழைநாளில் தாங்காது. வண்டிக்கு டிபியிலிருந்து தனி சர்க்யூட், தனி ஆர்சிசிபி. அதுவும் டைப் ஏ. கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப் ஏசி அல்ல. வண்டியின் சார்ஜரில் ரெக்டிஃபையர் இருப்பதால் கசிவில் டிசி கலந்து வரும், ஏசி வகையின் கண்ணை அது மறைத்துவிடும். சீரான டிசி 6 மில்லியாம்பியரைத் தாண்டினால் டைப் ஏ-யும் தடுமாறும். வால்பாக்ஸுக்குள் அதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இல்லையென்றால் டைப் பி போடத்தான் வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் விதிகளும் 30 மில்லியாம்பியர், குறைந்தது டைப் ஏ, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும் என்றே சொல்கின்றன. எக்ஸ்டென்ஷன் கூடாது; சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் 800 மில்லிமீட்டர் பார்த்து நிற்கவில்லை. ஸ்டில்ட் பார்க்கிங்கில் பழைய வெள்ளக் கறை எதுவரை என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், அதற்கு மேலே பொருத்துங்கள். கேபிளைக் கீழிருந்து பாக்ஸுக்குள் ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கினால் மழைநீரும் அதே வழியில் இறங்கும்.

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி வாங்கியவர் டைப் ஏ-க்கான கூடுதல் பணத்துக்கு முணுமுணுப்பார். எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாக எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால், அதையும் அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.