கணினிக் கடிகாரமும் விளையாட்டின் விரைவும்

கணினியில் விளையாடும் இளைஞரிடையே சில காலமாக ஒரு நம்பிக்கை நிலவி வருகின்றது. கணினியினுள்ளே காலத்தை அளக்கும் பொறிமுறையின் அமைப்புகளை இரண்டொரு கட்டளைகளால் மாற்றிவிட்டால் விளையாட்டுத் தடையின்றி ஓடும். சுட்டியின் அசைவு உடனே திரையில் தோன்றும். நேற்றுத் தோற்றவன் இன்று வெல்வான் என்பதே அந்நம்பிக்கை. இஃது எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய விழைகின்றோம். விளையாட்டைப் பற்றிய சிறு வினாத்தானே என்று மூத்தோர் இதனைப் புறக்கணித்தல் வேண்டா. பிறர் சொல்லை அப்படியே ஏற்பதா, சோதித்தறிந்து ஏற்பதா என்னும் பெருவினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

கணினிக்குள் ஒன்றல்ல, பல கடிகாரங்கள் உள. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியில் 14.31818 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய பளிங்கு ஒன்று இருந்தது. அதனைப் பன்னிரண்டால் வகுத்துப் பெற்ற துடிப்பை எண்ணிய சில்லு, செக்கனுக்கு ஏறத்தாழ 18.2 தடவை முறைவழியாக்கியைத் தட்டி எழுப்பிற்று. 1993 இல் வந்த பென்ரியம் முறைவழியாக்கி தன்னுள்ளேயே ஓர் எண்ணியைக் கொண்டிருந்தது. ஆயின், பின்னாளில் முறைவழியாக்கிகள் தம் வேகத்தை இடையிடையே மாற்றிக்கொள்ளத் தொடங்கியபோது, அவ்வெண்ணியின் ஓட்டமும் உடன் மாறியமையால் அதனை முற்றும் நம்புதல் இயலாதாயிற்று. இன்ரெல், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் கூடி வகுத்து 2004 இல் வரையறை வெளியிட்ட 'எச்.பி.இ.ரி.' என்னும் உயர்துல்லிய நிகழ்வுக் கடிகாரம் வேறொன்று. 2008 ஆம் ஆண்டளவில் வந்த முறைவழியாக்கிகள் முதலாக, உள்ளிருக்கும் எண்ணியும் வேகமாற்றத்தால் பாதிக்கப்படாது சீராக ஓடும்படி திருத்தப்பட்டது.

இளைஞர் மாற்ற முயலும் அமைப்புகள் இருவகைப்படும். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிவது என்பது ஒன்று. எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பணிசெயல் முறைமை விழித்தெழுவது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே குழப்பத்தின் முதற் காரணமாகும்.

முன்னையதை முதலில் நோக்குவோம். எச்.பி.இ.ரி. முறைவழியாக்கியின் எண்ணும் பகுதிக்கு வெளியே உள்ளது. அதனை ஒருமுறை வாசிக்க எடுக்கும் நேரம், உள்ளெண்ணியை வாசிக்க எடுக்கும் நேரத்தினும் பன்மடங்கு அதிகம். கையிலே கடிகாரம் கட்டியிருப்பவன், நேரம் அறிய ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்து சென்று திரும்புவதை இஃது ஒக்கும். விளையாட்டு மென்பொருளோ இடையறாது நேரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பது. எனவே, 'உயர்துல்லியம்' என்னும் பெயரால் மயங்கி எச்.பி.இ.ரி.யைக் கட்டாயமாக்குவோர் பெறுவது பெரும்பாலும் நட்டமே. 2018 ஆம் ஆண்டு ஏப்பிரிலில், அக்காலத்தில் வெளிவந்துகொண்டிருந்த ஆனந்த்ரெக் என்னும் தொழினுட்ப ஏடு, தன் சோதனைகளில் எச்.பி.இ.ரி.யைக் கட்டாயமாக்கியிருந்தமையால் இன்ரெல் கணினிகளின் விளையாட்டு வேகம் சில ஆட்டங்களிற் பெரிதும் குறைந்தது என்று கண்டு, முடிவுகளை மீளாய்வு செய்து வெளியிட்டது.

அவ்வாறாயின், மாற்றத்தாற் பயன் பெற்றோம் என்பாரெல்லாம் பொய்யுரைக்கின்றனரோ எனின், அன்று. ஒருவருடைய அறிவுரையைக் கேட்டு எச்.பி.இ.ரி.யைக் கட்டாயமாக்கியவன், பின்பு வேறொருவருடைய சொற்கேட்டு அதனை நீக்கினால் வேகம் கூடுதல் இயல்பே. ஆயின், அவன் பெற்றது புதுப்பயனன்று. இழந்ததை மீளப் பெற்றான் அவ்வளவே. எதனையும் மாற்றாதவனுடைய வின்டோஸ், இக்காலக் கணினிகளில் பொதுவாக உள்ளெண்ணியையே பயன்படுத்துகின்றது. அவனுக்கு நீக்குதற்கு ஏதுமில்லை.

இனி, விழித்தெழும் இடைவெளியைப் பார்ப்போம். வின்டோஸ் இயல்பாகச் செக்கனுக்கு 64 தடவை, அதாவது 15.625 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை விழிக்கும். 1 மில்லிசெக்கன் உறங்க வேண்டிய மென்பொருள், எழுப்புவாரின்றி 15 மில்லிசெக்கன் வரை உறங்கிவிடக்கூடும். செக்கனுக்கு 60 படங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒரு படத்துக்குரிய நேரம் 16.67 மில்லிசெக்கன், 144 படங்கள் காட்டுவதாயின் 6.94 மில்லிசெக்கன். ஆதலால், உறங்கி எழுந்து படங்களை ஒழுங்குபடுத்தும் பழைய ஆட்டம் ஒன்றில் இவ்விடைவெளியைக் குறைத்தல் உண்மையாகவே பயன் தரும். அந்நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் உள்ளது.

ஆயினும், ஆட்டங்களை ஆக்குவோர் இதனை அறியாதவரல்லர். பெரும்பாலான ஆட்டங்கள் 1 மில்லிசெக்கன் இடைவெளியைத் தாமே கேட்டுப் பெற்றுக்கொள்கின்றன. மேலும், 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த வின்டோஸ் 10 பதிப்பு முதலாக, ஒரு மென்பொருள் கேட்ட இடைவெளி, அதனைக் கேளாத மற்றொன்றைப் பாதிப்பதில்லை. ஆகவே, இயல்பான அமைப்பில், பக்கத்தில் ஒரு சிறு மென்பொருளை ஓடவிட்டு 0.5 மில்லிசெக்கன் கேட்பதால் ஆட்டத்துக்கு வரும் நலன் இல்லை. மடிகணினியாயின், அடிக்கடி விழிப்பதனால் மின்கலத்தின் வலு விரைவிற் குறைவதே மிச்சம்.

இவை யாவற்றினும் நுண்ணிய பொருள் ஒன்றுண்டு. 2013 ஆம் ஆண்டில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடிப்படை மீடிறனை மாற்றினால் வின்டோஸ் 8 இன் கடிகாரம் பிழையாக ஓடுவது கண்டறியப்பட்டது. கணினிகளின் வேகப் போட்டிகளை நடத்தும் எச்.டபிள்யூ.பொட் அமைப்பு அதன்மேல் வின்டோஸ் 8 இற் பெற்ற புள்ளிகளை ஏற்க மறுத்தது. கடிகாரம் மந்தமாக ஓடினால் அதே வேலை குறைந்த நேரத்தில் முடிந்ததாகத் தோன்றும். அளவுகோலையே மாற்றிவிட்டுப் பொருள் வளர்ந்தது என்று மகிழ்வதற்கு இது நிகர்.

அங்ஙனமாயின் உண்மையை அறிவது எவ்வாறு? நம் மாணவர் பௌதிக ஆய்வுகூடத்தில் ஊசலின் ஓர் அலைவை அளந்து அமைவதில்லை. இருபது அலைவுகளுக்கு நேரங் கண்டு, அதனை மீண்டுஞ் செய்து சராசரி காண்கின்றனர். அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். ஆட்டத்தின் ஒரே பகுதியை ஒரே அளவு நேரம் ஓட்டி, ஒவ்வொரு படத்துக்கும் சென்ற நேரத்தைப் பதிதல் வேண்டும். இன்ரெல் வழங்கும் பிரசென்ற்மொன் என்னும் இலவச மென்பொருள் இதற்கு உதவும். சராசரியை மட்டுமன்றி மிகத் தாமதமான படங்களையும் நோக்குக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியும் மாற்றாதும் பலமுறை செய்க. மாற்றத்துக்காகக் கணினியை மீளத் தொடக்குவதே பின்னணி மென்பொருள்களை நீக்கி வேகத்தைக் கூட்டலாம். ஆதலால் இரு நிலையிலும் மீளத் தொடக்குக. இயலுமாயின், மாற்றுபவன் ஒருவனாகவும், அதனை அறியாது விளையாடுபவன் வேறொருவனாகவும் இருத்தல் நன்று.

நமது கருத்து இதுவே: கடிகார அமைப்புகளை உள்ளபடியே விடுக. தாமதத்தின் மெய்யான காரணங்கள் வேறிடத்தே உள: தூசடைந்து வெப்பமேறிய கணினி, பின்னணியில் ஓடும் மென்பொருள்கள், வலுவுக்கு மீறிய பட அமைப்பு என்பன அவற்றுட் சில. தூரமும் ஒரு காரணம். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீற்றரே செல்லும். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2,700 கிலோமீற்றர் அளவு தூரம். ஆகவே, அங்குள்ள சேவையகத்துக்குச் செய்தி சென்று மீள 27 மில்லிசெக்கனேனும் வேண்டும். இதனை எக்கட்டளையாலும் குறைத்தல் இயலாது.

மாணவர் யாரேனும் முறைப்படி சோதித்து நமது கருத்துக்கு மாறான முடிவைக் காண்பாராயின், அளவுகளோடு கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவாராக. அதனை மகிழ்வோடு படிக்கக் காத்திருக்கின்றோம்.