நூற்றுக்கு எத்தனை, எந்த நூற்றுக்கு?

விழுக்காடு என்ற கணக்கு நம் தோட்டப்புற மக்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானதல்ல. பால் ஸ்டோரில் அறிமுகமானது. வாளியை நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, கிராணி ஓர் எண்ணை எழுதுவார். "இன்னைக்கு முப்பதுதான்" என்பார். வெட்டியவர் தலையை ஆட்டிவிட்டு வாளி கழுவப் போய்விடுவார். எதில் முப்பது என்று நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

100 கிலோ பாலில் 30 கிலோதான் காய்ந்த ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதே அதன் பொருள். காய்ந்த ரப்பருக்குத்தான் காசு என்றால், 20 கிலோ பால் கொண்டு வந்தவருக்கு 30 விழுக்காட்டில் 6 கிலோ எழுதுவார்கள். 35 விழுக்காடு என்றால் 7 கிலோ. பால் எடையை விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும், வேறு வித்தை கிடையாது.

நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 35 என்பது 30 ஆகிவிட்டால், "அஞ்சு பெர்சன்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். போனது அஞ்சு அல்ல. 7 கிலோ 6 கிலோ ஆகிவிட்டது. ஏழில் ஒரு பங்கு காணோம். கூலியில் அது நூற்றுக்கு 14-க்கும் மேல்! ஏழு நாள் பால் வெட்டி ஆறு நாள் பால் எழுதியது போலத்தான்.

அதற்காக, எண் இறங்கினாலே கிராணியோடு சண்டைக்குப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் 3 கிலோ சேர்ந்தால் எடை 23 ஆகும், விழுக்காடு முப்பதரைக்கு அருகில் இறங்கும். பெருக்கிப் பாருங்கள், ரப்பர் அதே 7 கிலோதான். வாளியில் தண்ணி ஊத்தி லாபம் பார்க்க நினைக்கும் கெட்டிக்காரர்களுக்கும் இதுவே பதில். மழையும் இல்லை, எடையும் ஏறவில்லை, எண் மட்டும் திடீரென்று இறங்குகிறது என்றால் கேட்கத்தான் வேண்டும். மெட்ரோலாக் காட்டுவது ஒரு மதிப்புதான். ஆய்வுக்கூடத்தில் 10 கிராம் பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, தகடு போல் அழுத்தி, உலர்த்தி, மறுபடி நிறுப்பார்கள். மூன்றரை கிராம் நின்றால் 35. அப்படிச் சோதித்துக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட பேராவில், பல தோட்டங்கள் இன்று செம்பனையாகிவிட்டன. பால் ஸ்டோரையே பார்க்காத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் விழுக்காடு நம்மை விடவில்லை. சம்பளச் சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. அறுபது வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு இதில் ஊழியர் சேமநிதி 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. முதலாளி 13 விழுக்காடு, 221 வெள்ளி. உங்கள் கணக்கில் சேர வேண்டியது மொத்தம் 408.

இந்த 221 முதலாளியின் கையிலிருந்து போக வேண்டிய பணம். "ரெண்டும் சேர்த்து 24 பெர்சன்" என்று சொல்லி 408-ஐயும் தொழிலாளியின் கூலியில் பிடிக்கும் குத்தகைக்காரரிடம் மாட்டிக்கொண்டால், எந்த நூற்றில் யாருடைய பங்கு என்று தெரியாதவர் மாதாமாதம் 221 வெள்ளியை இழப்பார். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது இன்னொரு ரகம். சேமநிதிக் கணக்கறிக்கையைப் பார்த்தால்தான் அது வெளியே வரும்.

வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று இரவு சம்பளச் சீட்டை அதன் கையில் கொடுங்கள். 1,700-ஐ 11-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 187 வந்து, சீட்டில் 408 பிடித்திருந்தால், அந்தச் சீட்டைக் கசக்கிப் போடாமல் ஈப்போவில் உள்ள சேமநிதி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.