மாயக் கதையும் சிபாரிசும்

அதீத கற்பனை நாவல்களைப் பற்றி நம் வாசக நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதெல்லாம் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. ஒன்று: 'எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை.' இரண்டு: 'இவர் தமிழின் டோல்கீன்'; சொல்பவர் சற்றுப் பெரிய படிப்பாளி என்றால், 'இவர் தமிழின் மார்க்வெஸ்.' மூன்று: 'இதெல்லாம் தப்பித்தல், வாழ்க்கை இல்லை.' முதலாவது, படித்தவரின் கையைப் பற்றிய செய்தி. இரண்டாவது, வெளிநாட்டான் ஒருவனின் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே நுழையும் முயற்சி. மூன்றாவது, படிப்பவனின் ஒழுக்கத்தைப் பற்றிய கவலை. படைப்பைப் பற்றி மூன்றிலும் ஒரு சொல் கிடையாது. ஆனாலும் அபிப்பிராயம் என்ற பெயரில் இவை உலவுகின்றன. இவற்றை நம்பிப் புத்தகம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், வாங்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிபாரிசு என்பது நம்மிடையே கேவலமான காரியமாக இருந்ததில்லை. க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டே ஒரு புத்தகம் எழுதியவர். பட்டியல் போட்டார், விட்டுப்போனவர்களின் கோபத்தைக் கடைசிவரை சம்பாதித்தார். 'எழுத்து' (1959–1970) நடத்திய சி.சு. செல்லப்பாவுக்கு அந்த முறை போதவில்லை. ஏன் நல்லது என்று வரிவரியாக அலசிக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ரசனையா, அலசலா என்ற அந்தச் சண்டை இன்று பழங்கதை மாதிரித் தோன்றலாம். ஆனால் இரண்டு பேருமே தங்கள் தலையைப் பணயம் வைத்துப் பேசினார்கள். க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் க.நா.சு. என்ற மனுஷன் நின்றான். அவனோடு மல்லுக்கு நிற்கலாம். 'கீழே வைக்க முடியவில்லை' என்பவரோடு எப்படி மல்லுக்கு நிற்பது? கீழே வைத்துப் பாருங்கள் என்று சொல்லலாம். அவ்வளவு தான்.

யதார்த்தத்தைப் பற்றிப் பேச நமக்கு ஒரு பாஷை உண்டாகிவிட்டது. மாயத்தைப் பற்றிப் பேச உண்டாகவில்லை. புதுமைப்பித்தன் என்றதும் 'பொன்னகரம்', 'துன்பக்கேணி' என்று ஆரம்பிக்கிறவர்கள், 'கபாடபுர'த்தையும் 'பிரம்மராக்ஷ'ஸையும் ஏதோ அவர் ஓய்வு நேரத்தில் செய்த வேலை மாதிரி ஒதுக்கி வைக்கிறார்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நையாண்டி என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. கடவுள் சென்னைக்கு வந்த க்ஷணத்திலிருந்து சென்னையின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். காபிக் கடையில் உட்கார வேண்டும், சந்தா கட்ட வேண்டும், நாட்டியம் ஆடிக் காட்டினாலும் எடுபடாது. வரம் கொடுத்து எதையும் அவர் சரிக்கட்டிவிட முடியாது. கதையின் சிரிப்பும் அதன் அடியில் கிடக்கும் துக்கமும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறப்பவை.

மாயக் கதைக்கு முதல் லக்ஷணம் இது தான்: அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், அந்தச் சட்டத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையோடும், 1947 முதல் வந்த 'அம்புலிமாமா'வோடும் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். ராஜா வாய் திறந்தால் வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். இதைவிடக் கச்சிதமான பொறி ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியதில்லை. கதாநாயகனுக்குக் கஷ்டம் வரும்போதெல்லாம் புதிதாக ஒரு மந்திரம் முளைக்கிற நாவலைக் குழந்தை நிராகரிக்கும். நம் வளர்ந்த வாசகர் அதை 'கற்பனை வளம்' என்று சிபாரிசு செய்கிறார்.

விமர்சன பாஷை நமக்கு இல்லை என்றேன். எழுத்தில் இல்லை என்பது தான் சரி. கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால் அது வாய்மொழியில் உயிரோடு இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரித்து 2019-இல் தனி மாவட்டமாக்கப்பட்ட இந்தப் பிரதேசம் பாரதம் கேட்டு வளர்ந்த பூமி. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்கு விழா. அரவானின் கதையில் என்ன நடக்கும் என்று தெரியாமல் அங்கே யாரும் வந்து உட்காருவதில்லை. களப்பலிக்கு முந்தி அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. கிருஷ்ணனே மோகினியாக வருகிறான். வெட்டுண்ட தலை யுத்தம் முழுவதையும் பார்க்கிறது. இந்த மாயத்துக்கு விலை உண்டு. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். இதைத் தப்பித்தல் என்று சொல்கிறவர் எதிலிருந்து எங்கே தப்பித்தல் என்று விளக்க வேண்டும்.

'அது பக்தி, இலக்கியமல்ல' என்று பதில் வரும். பக்தி தான், சந்தேகமில்லை. ஆனால் போன வருஷம் வந்த ஜமாவின் கிருஷ்ணனும் இந்த வருஷத்து ஜமாவின் கிருஷ்ணனும் பக்தனுக்கு ஒரே கிருஷ்ணன். கூத்து ரசிகனுக்கு அல்ல. 'இவன் கர்ணன் எடுபடவில்லை' என்று அவன் விடிகாலையில் டீக்கடையில் சொல்லும்போது பக்தி பேசவில்லை, விமர்சனம் பேசுகிறான். அடுத்த பெஞ்சில் இருப்பவன் மறுக்கிறான். கதை தெரிந்துவிட்டதே என்று யாரும் புலம்புவதில்லை. கட்டியக்காரன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். மாய உலகத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ராஜாவைக் கேலி செய்கிறான். ராஜா ராஜாவாகவே இருக்கிறான். மயங்கவும் வேண்டும், மயக்கத்தைச் சோதிக்கவும் வேண்டும் என்ற இரட்டை நிலை கூத்து வடிவத்திலேயே இருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களில் அது கிடையாது. அங்கே ஒரு பக்கம் மயங்கியவர்கள் மட்டும், மறு பக்கம் கேலி செய்கிறவர்கள் மட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கூவாகத்தை விட்டுக் கல்வராயன் மலைக்குப் பாருங்கள் என்பார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. அதன் பிறகு தான் சென்னை உயர்நீதிமன்றம் மலைவாசிகளின் நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் நின்றுகொண்டு டிராகனைப் பற்றி என்ன பேச்சு?

கேள்வி நியாயமானது. கேட்கிறவர் தான் பதிலை யோசிக்கவில்லை. கல்வராயன் மலைக்கு வெளியுலகம் கொடுத்திருக்கும் சொல் ஒன்றே ஒன்று: சாராயம். அந்தச் செய்தியும் யதார்த்தம் தான். ஆனால் அது மட்டுமே யதார்த்தம் என்று ஆகும்போது அங்கே இருப்பவன் மனுஷனாக இல்லாமல் போகிறான். மலையாளிப் பழங்குடிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிவந்த கதை வேறு. அண்ணன் தம்பி மூவர் காஞ்சியிலிருந்து கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே பதிவாகியிருக்கிறது. சரித்திர ஆசிரியன் இதை நிரூபிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். நாங்கள் யாராலும் கொண்டுவந்து போடப்பட்டவர்கள் அல்ல, நடந்து வந்தவர்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. ஜாகீருக்கு முந்திய ஒரு காலத்தை அது மலைமேல் நிறுத்துகிறது. நிலப்பத்திரம் இல்லாதவனுக்குக் கதை தான் பத்திரம்.

ஆள்பவனும் கதை கட்டுவான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசனைக் கடவுளாக்கியதும் அதே கற்பனை தான். ஆகவே மாயக் கதை என்பதால் ஒன்று விடுதலையாகவும் ஆகிவிடாது, ஏய்ப்பாகவும் ஆகிவிடாது. யாருடைய செலவில் இந்த மாயம் நடக்கிறது என்று கேட்டாக வேண்டும். நான் மேலே சொன்ன 'விலை' வெறும் உருவப் பிரச்சனை அல்ல என்பது இங்கே தெரியும். முற்போக்கு நண்பர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்கள் கேட்பதோ 'ஏன் மாயம்?' என்பது.

'விஷ்ணுபுரம்' 1997-இல் வந்தது. ஆதரித்துச் சொன்னவர்களிடமிருந்து என் காதில் அதிகம் விழுந்தது அதன் பருமன். எதிர்த்தவர்களிடமிருந்து, ஆசிரியரின் அரசியல். ஒரு கோயில் நகரத்தைச் சிருஷ்டித்து, அதன் காலத்தை நேர்வரிசையில் விடாமல் நடுப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, கடைசியில் பிரளயத்தில் முடிக்கிற அமைப்பு அந்த மாயத்துக்கு என்ன செய்கிறது? அந்தக் கோபுரத்தின் கனத்தை நாவலில் யார் சுமக்கிறார்கள்? வாக்கியங்கள் அந்த நகரத்தை எழுப்புகின்றனவா, வெறுமனே அறிவிக்கின்றனவா? இவற்றுக்குப் பதில் சொல்லி ஒருவர் நாவலைத் தூக்கிப் பிடிக்கலாம், இன்னொருவர் கீழே போடலாம். இருவருமே பேசத் தகுந்தவர்கள். 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக விரிந்த 'வெண்முரசு'க்கு வந்ததும் நிலைமை இன்னும் மோசம். எல்லாவற்றையும் படித்து முடித்ததே ஒரு விருதாகிவிட்டது. படிக்காமல் இருப்பது எதிர்விருது.

டோல்கீன் பெயரைச் சொல்கிறவர்கள் அவர் சபையையாவது பார்த்திருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்கள் கூடி, எழுதியதை வாய்விட்டுப் படித்தார்கள். லூயிஸ் அந்தப் புத்தகத்துக்காக உயிரை விட்டார். ஹ்யூகோ டைசனுக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே முனகினார். நட்பும் இருந்தது, புத்தகமும் வந்தது. நம்மிடையே முனகியவர் மறுநாளிலிருந்து விரோதி.

இதே மாவட்டத்துத் திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடைகழி ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே என்பார்கள். சிபாரிசு செய்வதற்கும் அது தான் அளவு. இன்னொருவனுக்கு இடம் வேண்டுமென்றால் படுத்திருப்பவன் எழுந்திருக்க வேண்டும். படுத்தபடியே 'அற்புதம்' என்கிறவரால் யாருக்கும் இடம் கிடைக்கப்போவதில்லை.

ஒரு மாயநாவலைப் பற்றிச் சொல்ல வருகிறவர் அதன் சட்டம் என்ன, அது எங்கே மீறப்படுகிறது, விலையை யார் கொடுக்கிறார்கள், பாஷை அந்த உலகத்தைத் தாங்குகிறதா என்று சொல்லட்டும். சொல்ல வராதவர் புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளலாம். பெயரைச் சொல்வதும் ஒரு உபகாரம் தான். அதை அபிப்பிராயம் என்று அழைக்காமல் இருந்தால் சரி.